சார்புகளின் வளர்ச்சியை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மடக்கை, பல்லுறுப்புக்கோவை, அடுக்குக்குறிச் சார்பு, காரணீயப் பெருக்கம் (1 முதல் ம வரையான முழு எண்களின் பெருக்கல்) என்ற வரிசையில் பின்னது முன்னதை இறுதியில் விஞ்சும் என்பதை மாணவர் பலர் மனப்பாடமாகச் சொல்வர். வரிசை சரியானதுதான், அதைக் கையாளும் விதத்தில்தான் பிழைகள் நேர்கின்றன. மாறியை இங்கே ‘ம’ என்றும், அடுக்கை ^ என்ற குறியாலும் எழுதுகிறேன்.

முதலாவதும் மிகப் பரவலானதுமான தவறு, சில மதிப்புகளைப் பிரதியிட்டுப் பார்த்தோ வரைபடத்தின் ஒரு பகுதியைப் பார்த்தோ முடிவு கட்டுவது. ம^10, 2^ம ஆகிய இரண்டையும் எடுத்துக்கொள்வோம். ம = 10 எனில் முன்னது 1,000 கோடி, பின்னது வெறும் 1,024. ம = 50 ஆகும்போதும் முன்னதே சுமார் 87 மடங்கு பெரியது. ஆனால் ம = 59-இல் 2^ம முந்திவிடுகிறது; ம = 100-இல் அது மற்றதைப் போல் 1,000 கோடி மடங்குக்கும் மேல். இந்தத் திருப்பத்தின் காரணத்தை அறிய, மாறி ஒன்று கூடும்போது ஒவ்வொரு சார்பும் எத்தனை மடங்காகிறது என்று பார்க்க வேண்டும். 2^ம எப்போதும் இரு மடங்காகிறது. ம^10 என்பதோ 10-லிருந்து 11-க்குச் செல்லும்போது ஏறத்தாழ 2.59 மடங்காகிறது, 14-லிருந்து 15-க்குச் செல்லும்போது அது 2-க்குக் கீழே இறங்கி, பிறகு 1-ஐ நோக்கிக் குறைந்துகொண்டே போகிறது. ஆகவே பந்தயத்தின் போக்கு 14-லேயே மாறிவிட்டது. அதுவரை சேர்ந்த இடைவெளியைக் கடக்கத்தான் 59 வரை ஆகிறது. இயல் மடக்கையை ம^0.1 உடன் ஒப்பிட்டால் நிலைமை இன்னும் கடுமை: ம = 4-இல் மடக்கையே பெரியது, ஏறத்தாழ 3.4 × 10^15 வரை அது பெரியதாகவே இருக்கிறது, அதற்குப் பின்னரே தோற்கிறது. எந்த வரைபடத்தாளும் இதைக் காட்டாது. விகிதத்தின் எல்லை மதிப்பு, அதாவது ம வரம்பின்றிப் பெருகும்போது விகிதம் நெருங்கும் எண், மட்டுமே காட்டும்.

அடிமானத்தைப் பொருட்படுத்தாமல் விடுவது அடுத்த தவறு. மடக்கையில் அப்படி விடலாம். அடிமானம் 2-க்கும் 10-க்கும் இடையிலான வேறுபாடு சுமார் 3.32 என்ற மாறிலிக் காரணி மட்டுமே. அடுக்குக்குறிச் சார்பில் அப்படி விட முடியாது, ஏனெனில் 3^ம, 2^ம ஆகியவற்றின் விகிதமான 1.5^ம வரம்பின்றி வளர்கிறது.

சிறிய உறுப்புகளை அவசரப்பட்டு நீக்குவதைத்தான் நான் எல்லாவற்றிலும் ஆபத்தானதாகக் கருதுகிறேன், ஏனெனில் அது பல இடங்களில் சரியான விடையையே தந்து நம்பிக்கையை வளர்த்துவிடுகிறது. √(ம² + ம) − ம என்பதில், ம²-க்கு முன் ம அற்பமானது என்று அதை நீக்கினால் விடை 0 என்று தோன்றும். ம = 100 எனப் பிரதியிட்டால் கிடைப்பதோ 0.4988. இணையியக் கோவையான √(ம² + ம) + ம என்பதால் பெருக்கி வகுத்தால் ம / (√(ம² + ம) + ம) என்றாகி, எல்லை 1/2 என்று தெளிவாகிறது. பெரிய உறுப்புகள் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளும் இடத்தில், நாம் தள்ளிய சிறிய உறுப்பே விடையாக எஞ்சுகிறது. அடுக்கிலும் இதே எச்சரிக்கை தேவை: ம² + ம, ம² இவற்றின் விகிதம் 1-ஐ நெருங்கினாலும், அவற்றை 2-இன் அடுக்குகளாக வைத்தால் விகிதம் 2^ம ஆகிவிடும்.

தொகுதியையும் பகுதியையும் தனித்தனியே வகையிட்டு விகிதத்தின் எல்லையைக் காணும் லோபிதாள் விதியைப் பயன்படுத்துவோர், வகைக்கெழுக்களின் விகிதத்துக்கு எல்லை இல்லையென்றால் மூல விகிதத்துக்கும் எல்லை இல்லை என்று எழுதிவிடுகிறார்கள். (ம + சைன் ம) / ம என்பதில் வகைக்கெழுக்களின் விகிதமான 1 + கொசைன் ம, 0-க்கும் 2-க்கும் இடையே ஊசலாடிக்கொண்டே இருக்கும். ஆயினும் சைன் ம / ம பூச்சியத்தை நெருங்குவதால் மூல விகிதத்தின் எல்லை 1. அந்த விதி இங்கே பொருந்தவில்லை என்பதே சரியான முடிவு; எல்லை இல்லை என்று அது எங்கும் சொல்வதில்லை.