பழைய கார் உள்பேனல்களில் பெயிண்ட் உரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரின் பாடியில் பெயிண்ட் எடுக்கும்போது கை தவறினாலும் பட்டி போட்டுச் சரிசெய்துவிடலாம். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பேனலில் அந்த வசதி கிடையாது. அதன் மேற்பரப்பில் தோல் போன்ற சுருக்கங்களோ மணல் போன்ற புள்ளிகளோ அச்சிலேயே வார்க்கப்பட்டிருக்கும். 'கிரெயின்' என்று சொல்லும் இந்த வடிவம் ஒருமுறை அழிந்தால், வீட்டிலோ பட்டறையிலோ அதைத் திரும்பக் கொண்டுவருவது மிகக் கடினம். பழைய மாடலுக்கு மாற்று பேனலும் எளிதில் கிடைக்காது. அதனால் வேகமாக வேலை செய்யும் முறையை விட்டுவிட்டு, கிரெயினைத் தொடாத முறையைத்தான் தேட வேண்டும்.

பேனல் எதனால் ஆனது என்று பார்க்காமல் தொடங்குவதுதான் பெரும்பாலான சேதத்துக்குக் காரணம். பிந்தைய வண்டிகளில் பேனலின் பின்புறம் ஏபிஎஸ், பிபி என்று பிளாஸ்டிக்கின் வகையைப் பொறித்திருப்பார்கள். பழையவற்றில் பெரும்பாலும் இருக்காது. பெயிண்ட் படாத பின்புற ஓரத்தில் பிளேடால் ஒரு சிறு சீவல் எடுத்து, ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரில் அமுக்கி விடுங்கள். மேலே வந்து மிதந்தால் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன், அதாவது பிபி. மூழ்கினால் ஏபிஎஸ் ஆக இருக்கலாம். ஆனால் டால்க் என்ற கனிமத் தூள் கலந்த பிபியும் மூழ்கக்கூடும். எனவே அதே ஓரத்தில் அசிட்டோன் தொட்ட பஞ்சுக்குச்சியை வைத்துப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் ஏபிஎஸ் வகை, ஒன்றுமே ஆகாவிட்டால் பெரும்பாலும் பிபி.

ஏபிஎஸ் என்று தெரிந்த பிறகு என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டுக்கான தின்னரைக் கிட்டேயே கொண்டுவராதீர்கள். பெயிண்டைக் கரைக்கும் தின்னர் அடியில் உள்ள பிளாஸ்டிக்கையும் சேர்த்துக் கரைக்கும். இரண்டும் குழம்பாகிக் கிரெயினின் பள்ளங்களில் இறங்கி, காய்ந்ததும் மொழுமொழுவென்று பளபளக்கும். உடனே தெரியாத சேதமும் உண்டு. கிளிப் மாட்டும் காதுகள், திருகுத் துளைகள் ஆகியவற்றில் பிளாஸ்டிக் ஏற்கெனவே இழுவிசையில் இருக்கும். கரைப்பான் பட்டதும் அங்கே மயிரிழை வெடிப்பு விழும். பேனலைத் திரும்ப மாட்டும்போது அந்தக் காது ஒடிந்து கையோடு வந்துவிடும். மெத்திலீன் குளோரைடு உள்ள பெயிண்ட் ரிமூவர் இன்னும் மோசம். அது இரும்புக்கு மட்டும்தான். அதன் ஆவி உடலுக்குள் போய்க் கார்பன் மோனாக்சைடாக மாறுவதால் மூடிய ஷெட்டில் உயிருக்கே ஆபத்து.

ஸ்பிரே டப்பாவில் அடித்த சாதாரண அக்ரிலிக் பெயிண்டுக்கு 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் பெரும்பாலும் போதும். பேனலைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். பின்புறம் தெரியாத இடத்தில் முதலில் சோதியுங்கள். பிறகு ஓர் அடிக்கு ஓர் அடி அளவில் பருத்தித் துணியை நனைத்துப் பரப்பி, ஆவியாகாமல் இருக்கச் சமையலறை பிளாஸ்டிக் தாளால் மூடி 20 முதல் 30 நிமிடம் விடுங்கள். பெயிண்ட் சுருங்கி எழும்பியதும் நைலான் பல்துலக்கியால் சிறு வட்டங்களாகத் தேய்த்து, ஈரம் காய்வதற்குள் சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். இங்கேதான் பலர் பொறுமை இழக்கிறார்கள். காயவிட்டால் இளகிய பெயிண்ட் பள்ளத்துக்குள்ளேயே மறுபடி இறுகிவிடும். ஒரே துணியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் எடுத்த நிறத்தையே மீண்டும் பூசுகிறீர்கள். இரண்டு மூன்று சுற்று ஆகும், ஆகட்டும். இந்த ஆல்கஹாலின் ஆவி நம் ஊர் வெப்பத்தில் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் திறந்த வெளியில், பீடி, சிகரெட், அடுப்பு, மின்பொறி எதுவும் இல்லாத இடத்தில் செய்யுங்கள். மீட்டரின் முன்மூடி பல வண்டிகளில் அக்ரிலிக். அதில் சொட்டினால் வெடிப்பு விழலாம், முன்பே கழற்றி ஒதுக்கிவிடுங்கள்.

இறுகவைக்கும் ஹார்டனர் கலந்து அடித்த பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட் இந்த ஆல்கஹாலுக்கு மசியாது. அதற்காகக் கடுமையான கரைப்பானுக்குத் தாவ வேண்டாம். பழைய பூச்சு உறுதியாக ஒட்டியிருந்தால் லேசாகச் சொரசொரப்பாக்கி அதன் மேலேயே அடிப்பதுதான் நல்லது.

பெயிண்டை உரிப்பதற்காக எமரி பேப்பரைக் கிரெயின் உள்ள பேனலில் எந்த நம்பரிலும் போடாதீர்கள். பள்ளத்தில் இருக்கும் பெயிண்ட் போவதற்கு முன் மேடு தேய்ந்துவிடும். ஹீட் கன்னும் வேண்டாம். ஏபிஎஸ் சுமார் 100 டிகிரியில் இளகத் தொடங்கும், ஹீட் கன்னிலிருந்து வரும் காற்றோ 300 டிகிரியைத் தாண்டும்.

அம்பாசிடர், பத்மினி போன்ற வண்டிகளின் டோர் பேட் வேறு கதை. அது ஹார்டுபோர்டின் மேல் ரெக்சின் ஒட்டியது. ஊறவைத்தால் போர்டு ஓரங்களில் உப்பிப் போகும், பிறகு தட்டையாகாது. கரைப்பான் ரெக்சினுக்கு மென்மை தரும் எண்ணெய்ப்பொருளை உறிஞ்சிவிடும், சில மாதங்களில் அது விறைத்து வெடிக்கும். ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்த துணியால் உள்ளங்கை அளவு இடமாக மட்டும் துடைத்துப் பாருங்கள். ரெக்சின் ஏற்கெனவே விறைத்திருந்தால் அதனுடன் போராடாமல் புது ரெக்சின் ஒட்டிவிடுவதே மேல்.

இரும்பு டேஷ்போர்டில் ரிமூவர் போடலாம், ஆனால் திறந்த வெளியில், அலுமினிய பீடிங்கை (ஓரப் பட்டையை) கழற்றிவிட்டுத்தான். சில ரிமூவர்களில் இருக்கும் காஸ்டிக் சோடா அலுமினியத்தையும், பிளாஸ்டிக் மேல் ஏற்றிய வெள்ளி நிற உலோகப் பூச்சையும் தின்றுவிடும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். எனவே உலர்வாகத் தேய்க்காமல் வாட்டர் பேப்பரைத் தண்ணீரோடு பயன்படுத்துங்கள், வழிந்த சேற்றைத் துணியில் ஒற்றி மூடிய டப்பாவில் சேருங்கள்.

பெயிண்ட் போனதும் உடனே பிரைமர் அடிப்பது கடைசித் தவறு. ரிமூவரில் மெழுகு இருக்கும், டேஷ்போர்டு பாலிஷில் சிலிக்கான் இருக்கும். இரண்டும் புதுப் பெயிண்டில் குழிகுழியாக வரவைக்கும். பாத்திரம் கழுவும் சோப்பால் இரண்டு முறை கழுவி, பேனலைச் சாய்த்துப் பிடித்துத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். இரும்பில் தண்ணீர் ஒரே படலமாகப் பரவி நின்றால் சுத்தம். ஏதாவது ஓர் இடத்தில் மட்டும் முத்து முத்தாக விலகினால் அங்கே இன்னும் எண்ணெய்ப்பசை இருக்கிறது. பிளாஸ்டிக், குறிப்பாகப் பிபி, இயல்பாகவே தண்ணீரை விலக்கும் என்பதால் அதில் இந்தச் சோதனையை நம்ப முடியாது. கழுவியபின் ஒரு நாள் முழுக்க நிழலில் காயவிட்டு, பிபி என்றால் பிளாஸ்டிக்குக்கான ஒட்டுப் பிரைமரை மெல்லியதாக ஒரு கோட் அடித்துவிட்டுத்தான் நிறத்துக்குப் போக வேண்டும்.