க்ளென் அஃப்ரிக்: காரில் பாதி, காலில் மீதி

ஸ்காட்லாந்துக்குச் சுற்றுலா போகிறவர்கள் லாக் நெஸ் ஏரியை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதன் கரையில் இருக்கும் ட்ரம்னட்ராக்கிட் கிராமத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் காரில் போய்ச் சேரக்கூடிய இடம் க்ளென் அஃப்ரிக். க்ளென் என்றால் மலைகளுக்கு நடுவே நீண்டு கிடக்கும் பள்ளத்தாக்கு. இந்தப் பள்ளத்தாக்கில் பழைய பைன் காடும் இரண்டு ஏரிகளும் இருக்கின்றன. பாதி வழியில் ரோடு முடிந்துவிடும், அப்புறம் நடைதான்.

மலை ஏறிப் பழக்கம் இல்லாதவர்களும் போகலாம். ஆனால் ரோட்டில் எப்படி ஓட்டுவது, எத்தனை மணிக்குத் திரும்புவது என்ற இரண்டையும் வீட்டிலேயே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

என் ஓட்டு மே மாதத்துக்கு. பகல் நீளம், மிட்ஜ் தொல்லையும் பெரிதாக ஆரம்பித்திருக்காது. மிட்ஜ் என்பது கொசுவைவிடப் பொடியான பூச்சி, கூட்டமாக வந்து மொய்க்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை, காற்றில்லாத மந்தமான மாலைகளில் நின்று ஒரு ஃபோட்டோ எடுக்கக்கூட விடாது. அந்த மாதங்களில் போனால் தலைக்குப் போடும் வலை கட்டாயம். ஜூனில் பகல் சுமார் 18 மணி நேரம். டிசம்பரில் ஏழு மணி நேரம்கூட இருக்காது, அதனால் புதியவர்களுக்குக் குளிர்காலம் வேண்டாம்.

படி 2: காரும் ரோடும்

சுற்றுலா வரும் இந்தியர்கள் நம் ஊர் லைசென்ஸை வைத்தே 12 மாதம் வரை அங்கே கார் ஓட்டலாம். வண்டி இடது பக்கம்தான், அதில் குழப்பமில்லை. சின்ன காராகப் பார்த்து வாடகைக்கு எடுங்கள். பெட்ரோலை இன்வர்னெஸ் நகரத்திலேயே நிரப்பிவிடுங்கள், மதியச் சாப்பாட்டையும் அங்கேயே கட்டிக்கொள்ளுங்கள்.

இன்வர்னெஸிலிருந்து ஏ82 சாலையில் ட்ரம்னட்ராக்கிட், அங்கே திரும்பி ஏ831 வழியாகக் கேனிக் என்ற சிற்றூர். கேனிக்கைத் தாண்டி ஃபாஸ்னகைல் நீர்மின் நிலையம் வந்தால் சரியான வழிதான். அதற்கப்புறம் ஒரே ஒரு வண்டி போகிற அகலம்தான் ரோடு. இங்கேதான் புதியவர்களுக்குக் கை நடுங்கும்.

நடைமுறை இதுதான். கொஞ்ச தூரத்துக்கு ஒரு இடத்தில் ரோடு சற்று அகலமாகி, அங்கே ஒரு வெள்ளைப் பலகை நிற்கும். அது எதிரே வரும் வண்டிக்கு வழிவிடுவதற்கான இடம். அது உங்கள் இடது பக்கம் இருந்தால் அதற்குள் ஒதுங்கி நில்லுங்கள். வலது பக்கம் இருந்தால் உள்ளே போகாதீர்கள். உங்கள் பக்கத்திலேயே, அதற்கு நேர் எதிரில் நின்றால் போதும், வருகிறவர் அதற்குள் ஒதுங்கிச் சுற்றிப் போய்விடுவார். இரண்டு பேரும் நடுவில் மாட்டிக்கொண்டால், யாருக்கு அந்த இடம் பக்கமோ அவர் ரிவர்ஸ் எடுப்பார். பின்னால் ஒரு வண்டி ஒட்டிக்கொண்டு வந்தாலும் இதே இடத்தில் ஒதுங்கி அதை முன்னே விடலாம். உள்ளூர்க்காரர் வேலைக்குப் போகிறவராக இருப்பார், நாம்தான் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். கடக்கும்போது ஒரு கை தூக்கினால் மரியாதை. ஹாரன் அடிப்பது அங்கே பழக்கமில்லை. மிக முக்கியமாக, காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த இடத்தில் பார்க்கிங் செய்யாதீர்கள்.

ஆடுகள் ரோட்டோரம் மேயும். தாய் ஒரு பக்கம், குட்டி மறுபக்கம் நின்றால் வண்டியை நிறுத்திவிடுங்கள். குட்டி கண்டிப்பாகக் குறுக்கே பாயும்.

படி 3: எவ்வளவு நடப்பது

ரோடு முடியும் இடத்தில் கட்டண பார்க்கிங் இருக்கிறது. அங்கிருந்தே குட்டையான நடைபாதைகள் தொடங்குகின்றன. குழந்தைகளோடு வந்தவர்களுக்கு அதுவே போதும், குறையொன்றும் இல்லை.

முழு நாள் இருந்தால் அஃப்ரிக் ஏரியைச் சுற்றலாம், சுமார் 18 கிலோமீட்டர். பாலத்தைக் கடந்து தென்கரையில் மேற்கு நோக்கிப் போங்கள். அது ஜீப் போகிற மாதிரியான நல்ல தடம். வழியில் பைன் மரங்களைக் கொஞ்சம் கவனியுங்கள். வேலி போட்ட இடங்களில் இடுப்பளவு, ஆளுயரக் கன்றுகள் நெருக்கமாக நிற்கும். வேலி இல்லாத இடங்களில் கிழட்டு மரங்கள் மட்டும் தனித்தனியாக நிற்கும். முளைத்ததை எல்லாம் மான்கள் தின்றுவிடுவதுதான் காரணம்.

ஏரியின் மேற்கு முனையைத் தாண்டியதும் ஆற்றுப் பாலம் வரும். முடிவு எடுக்க வேண்டிய இடம் அதுதான். வடகரைப் பாதை உயரமாகப் போகும், காட்சியும் அருமை. ஆனால் சேறு அதிகம், மலையிலிருந்து இறங்கும் ஓடைகளைக் கடந்தாக வேண்டும். மழை பெய்தால் ஓடை சீக்கிரமே பொங்கிவிடும். தண்ணீர் வேகமாகவோ முழங்காலுக்கு மேலோ ஓடினால் இறங்கவே கூடாது. வானம் கறுத்திருந்தாலோ, கிளம்பும்போது போட்ட கணக்கில் பாதி நேரம் கடந்திருந்தாலோ, வந்த வழியே திரும்புங்கள். கணக்கு எளிது: புதியவர்களுக்கு மணிக்கு 3 கிலோமீட்டர், அதோடு ஓய்வுக்கு ஒரு மணி நேரம். ஆகமொத்தம் ஏழு மணி நேரம். காலை பத்து மணிக்குள் நடக்கத் தொடங்கிவிட்டால் அவசரமே இல்லை.

படி 4: பையில் என்ன

மழைக்கோட்டு, மழைத் தாங்கும் பேன்ட், ஒரு கம்பளிச் சட்டை, கணுக்காலைப் பிடிக்கும் ஷூ, டார்ச், சாப்பாடு. கோடையிலும் இதே பட்டியல்தான். பள்ளத்தாக்கில் ஃபோன் சிக்னலை நம்பாதீர்கள். பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் லேண்ட்ரேஞ்சர் 25 வரைபடத்தைக் காகிதத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குள் திரும்புவோம் என்பதைத் தங்கும் இடத்தில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஆபத்து என்றால் 999க்கு அழைத்து, போலீஸைக் கேட்டு, மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்ல வேண்டும்.

படி 5: திரும்பிய பிறகு

காருக்கு வந்ததும் முழங்காலுக்குப் பின்புறம், இடுப்பு, அக்குள் எல்லாம் பாருங்கள். எள்ளளவு உண்ணி ஒட்டியிருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக மெதுவாக இழுத்தெடுங்கள். நசுக்க வேண்டாம். சில உண்ணிகள் லைம் நோயைப் பரப்பும். அடுத்த வாரங்களில் அந்த இடத்தைச் சுற்றிச் சிவந்து பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ டாக்டரிடம் உண்ணிக் கடியைச் சொல்ல வேண்டும்.

கேனிக் வரை மெதுவாகவே ஓட்டுங்கள். இருட்டும் நேரத்தில் மான்கள் ரோட்டுக்கு இறங்கும், ஒன்று கடந்தால் பின்னால் இன்னொன்று வரும்.