வார்டிலும் வகுப்பிலும்: இசைச் சிகிச்சையாளர் வேலையைச் செய்யும் முறை

மருத்துவமனை வார்டிலும் பொது இசை வகுப்பிலும் இசைச் சிகிச்சையாளர் ஒருவரே வேலை பார்க்கலாம். கருவிகளும் பாட்டுகளும்கூட ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் வார்டில் இலக்கு நடை, பேச்சு, வலி, பதற்றம். வகுப்பில் இலக்கு இசை. இதைக் குழப்பிக்கொண்டால் வார்டில் நடப்பது வெறும் கச்சேரிதான்.

பக்கவாதத்துக்குப் பிறகான நடைப் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். முதலில் இசையே இல்லாமல் 10 மீட்டர் நடக்கச் சொல்லி அடிகளையும் நேரத்தையும் எண்ணுங்கள். 24 விநாடியில் 26 அடி என்றால் நிமிடத்துக்கு 65. சீரான இடைவெளியில் தட்டொலி தரும் மெட்ரோனோமை 65-இல் வைத்து, அதே வேகத்தில் தாளம் அழுத்தமாக விழும் பாட்டை வாசியுங்கள். காலும் தாளமும் ஒன்றிய பிறகே 5 சதவீதம் கூட்டி 68-க்குப் போகலாம். எடுத்த எடுப்பில் 80 வைத்தால் நல்ல கால் முந்தும், பலவீனமான கால் இழுபடும், நோயாளி விழக்கூடும். பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இல்லாமல் இதைச் செய்யவே வேண்டாம். பார்க்கின்சன் நோயில் சிலருக்கு அடிகள் குறுகி, வேகம் தானாகவே ஏறிக்கொண்டு போகும். அவர்களுக்கு வேகத்தைக் கூட்டாதீர்கள்.

இழுத்தும் நிறுத்தியும் பாடும் பாட்டு நோயாளிக்கு எவ்வளவு பிடித்ததானாலும் இங்கே உதவாது. அடுத்த தட்டு எப்போது விழும் என்று மூளை முன்கூட்டியே கணிப்பதால்தான் நடை சீராகிறது. கடைசிச் சில நிமிடங்கள் இசையை நிறுத்தி, அந்த நடை நிலைக்கிறதா என்று பாருங்கள். மறுபடி 10 மீட்டர் அளந்து, எண்களை அப்படியே குறிப்பேட்டில் எழுதுங்கள். ‘நன்றாக ஒத்துழைத்தார்’ என்ற குறிப்பை வைத்து மருத்துவர் எந்த முடிவும் எடுக்க முடியாது.

சொல்வது புரிந்தும் பேச வராதவருக்கு, ஸ்பீச் தெரபிஸ்டுடன் சேர்ந்து ‘தண்ணி வேணும்’ போன்ற அன்றாடத் தொடர்களைத் தேர்ந்தெடுங்கள். உயரம், தாழ்வு என இரண்டே சுரத்தில் பாடி, அசைக்கு ஒரு தடவை அவர் இடது கையைத் தட்ட வையுங்கள். பிறகு சுரத்தை மெல்ல மெல்லக் குறைத்துச் சாதாரணப் பேச்சுக்குக் கொண்டுவர வேண்டும். பாடுவதோடு நிறுத்திவிட்டால் பாட மட்டுமே வரும்.

வார்டுக்குள் தோல் மேளம் வேண்டாம். கிருமிநாசினி போட்டுத் துடைக்க முடியாது. குலுக்கினால் ஒலிக்கும் பிளாஸ்டிக் ஷேக்கர் போதும். ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் துடையுங்கள்.

பொது வகுப்பில் முதியவர்கள் இருந்தால் வழக்கமான சுருதியிலிருந்து 2, 3 அரைச்சுரம் (ஹார்மோனியத்தில் கறுப்புக் கட்டையும் சேர்த்து அடுத்தடுத்த கட்டைகளுக்கு இடையிலான அளவு) இறக்கித் தொடங்குங்கள். உச்சத்தில் குரல் எட்டாதவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள், பிறகு வகுப்புக்கே வரமாட்டார்கள். ஒரு கை மட்டும் இயங்குபவருக்குக் கருவியை ஸ்டாண்டில் பொருத்திக் கொடுங்கள். வார்டில் உங்களிடம் சிகிச்சை பெற்றவரே சேர்ந்தாலும், அவராகச் சொன்னாலொழிய அவர் நோயைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை வரக் கூடாது. அவர் சுரம் பிசகினால் மற்றவர்களுக்குத் திருத்துவது போலவே திருத்துங்கள். அவர் பாட்டுக் கற்கத்தான் வந்திருக்கிறார்.