போர்க்கால விமானக் கொட்டகையைச் சீரமைக்க நிதி திரட்டும் முறை

பிரிட்டனில், முதல் உலகப் போர்க்காலத்து பெல்ஃபாஸ்ட் மரச்சட்டக் கூரை (மெல்லிய மரத்துண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய வில்வடிவச் சட்டங்கள் தாங்கும் கூரை) கொண்ட விமானக் கொட்டகையை மீட்டெடுக்க விரும்பும் தன்னார்வலர்கள், உண்டியலைக் கையில் எடுக்குமுன் பழங்கட்டடங்களில் தேர்ந்த பொறியாளர் ஒருவரிடம் ஆய்வறிக்கை பெற வேண்டும். மரச்சட்டங்களின் முனைகள் மழைநீரில் ஊறி உளுத்துள்ளனவா, பின்னாளில் வேய்ந்த தகடுகளில் கல்நார் (நுரையீரலுக்குக் கேடான ஆஸ்பெஸ்டாஸ்) உள்ளதா என்பவையே செலவைப் பெரிதும் நிர்ணயிக்கின்றன. கல்நாரை அகற்றும் பணியில் தன்னார்வலர்கள் ஒருபோதும் இறங்கக் கூடாது. பாதுகாக்கப்பட்ட கட்டடமாகப் பட்டியலிடப்பட்டிருந்தால், உள்ளாட்சி மன்றத்தின் ஒப்புதலும் தேவை.

அடுத்து, குழுவை அறக்கட்டளையாகப் பதிவுசெய்யுங்கள். அப்போது, அங்கு வருமான வரி செலுத்துவோர் தரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் ‘கிஃப்ட் எய்ட்’ திட்டத்தின் கீழ் அரசிடமிருந்து மேலும் 25 பென்ஸ் (கால் பவுண்டு) கிடைக்கும் என்பதால், அதற்கான உறுதிமொழிப் படிவத்தை நன்கொடையுடன் சேர்த்தே வாங்கிவிடுவது நல்லது. ‘கூரைக்கு உதவுங்கள்’ என்று பொதுவாகக் கேட்பதைவிட, ஒரு மரச்சட்டத்தைச் செப்பனிட ஆகும் தொகையைச் சொல்லிக் கேட்பதே மக்களின் மனத்தைத் தொடும் என்பது என் உறுதியான கருத்து.

லாட்டரி வருவாயிலிருந்து பாரம்பரியப் பாதுகாப்புக்கு மானியம் தரும் நேஷனல் லாட்டரி ஹெரிட்டேஜ் ஃபண்டிடம் விண்ணப்பிப்போர், மானியம் உறுதியாகுமுன் முடித்த வேலைக்கு அந்த அமைப்பு பணம் தராது என்பதை மறக்கலாகாது. தன்னார்வ உழைப்பையும் திட்டத்துக்கான பங்களிப்பாகக் காட்ட இயலுமாதலால், யார் எத்தனை மணி நேரம் உழைக்கிறார்கள் என்பதைப் பதிவேட்டில் தவறாமல் எழுதி வாருங்கள்.