வெள்ளாட்டு மந்தையில் லாபம் பார்ப்பது எப்படி? புதிதாக இறங்குபவர்களுக்கு

ஆடு வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது கிலோ என்ன விலைக்குப் போகும் என்றுதான். கறி விலை நம் கையில் இல்லை. சினை பிடிக்காமல் மாதக்கணக்கில் தின்று கொண்டு நிற்கிற பெட்டை ஆட்டை வைத்திருப்பதா, கழிப்பதா என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது, லாபம் பெரும்பாலும் அங்கேதான் ஓட்டை விழுகிறது.

1. இனம்
விருதுநகர், தூத்துக்குடிப் பக்கம் என்றால் கன்னி ஆடு, கொடி ஆடு. சேலம், தருமபுரி என்றால் சேலம் கறுப்பு. யூடியூபில் பார்த்த வெளிமாநிலக் கிடாவுக்கு ஆசைப்பட்டு முதல் வருடமே பணத்தை முடக்க வேண்டாம்.

2. நோட்டு
இதைச் செய்யாவிட்டால் மற்றதெல்லாம் வீண். ஒவ்வொரு பெட்டைக்கும் காதில் எண் வில்லை, நோட்டில் ஒரு பக்கம். கிடா சேர்ந்த தேதி, ஈன்ற தேதி, எத்தனை குட்டி, மூன்றாம் மாதத்தில் குட்டியின் எடை, அவ்வளவுதான். சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள், அதனால் தை 10-இல் சேர்ந்தது ஆனி 9 வாக்கில் ஈனும். சேர்ந்து 21 நாள் கழித்து மறுபடி வாலை ஆட்டிக் கத்திக் கொண்டு நின்றால் சினை நிற்கவில்லை என்று அர்த்தம். திரும்பத் திரும்ப இப்படி என்றால் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள், அப்புறமும் நிற்கவில்லையா, பாவம் பார்க்காமல் சந்தைக்கு ஏற்றுங்கள். நல்ல பெட்டை இரண்டு வருடத்தில் மூன்று ஈத்து தர வேண்டும்.

3. கிடா
20, 25 பெட்டைக்கு ஒரு கிடா போதும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வெளி மந்தையிலிருந்து மாற்றுங்கள், இல்லையென்றால் தன் மகளோடேயே சேர்ந்து குட்டிகள் நோஞ்சானாகும். தீபாவளிக்கு நல்ல விலை வருகிறதே என்று இருப்பதிலேயே வாட்டசாட்டமான குட்டியை விற்றுவிட்டு, விலை போகாததை வளர்ப்புக்கு நிறுத்துவது ஊரெல்லாம் நடக்கிற கூத்து.

4. தீவனம்
கிடா சேர்ப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே அடர்தீவனம் (தானியம், பிண்ணாக்கு, தவிடு கலந்தது) ஒரு பெட்டைக்குத் தினம் 200 கிராம் கூடுதலாகப் போட்டால் இரட்டைக்குட்டிக்கு வாய்ப்பு அதிகம். சினையின் கடைசி ஒன்றரை மாதமும் அப்படியே. மற்ற நாளில் மேய்ச்சலும் அகத்தி, வேலிமசாலும் போதும்.

5. நோய்
மழைக்கு முன் துள்ளுமாரிக்கும் (குடல் நச்சு நோய்), குட்டிக்கு நான்கு மாதம் ஆனதும் ஆட்டுக்கொல்லிக்கும் (பிபிஆர் என்கிற வைரஸ் நோய்) தடுப்பூசி. அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். பிறந்த குட்டிக்கு ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால்.

6. விற்பனை
வியாபாரி ஆட்டை இடுப்பில் தூக்கிப் பார்த்தே எடை சொல்வார், அதுவும் அவருக்குச் சாதகமாகத்தான். ஒரு தொங்கு தராசு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 20 கிலோ உயிர் எடைக்குக் கறி ஏறத்தாழ 9 முதல் 10 கிலோ நிற்கும், கடை விலையை வைத்து நீங்களே கணக்குப் போடலாம். பக்ரீத்துக்கு என்றால் ஒரு வயது நிறைந்த, ஊனமில்லாத கிடா வேண்டும், அதற்குக் குறைந்தது 17 மாதம் முன்பே பெட்டை சேர்ந்திருக்க வேண்டும். பண்டிகையும் வருடத்துக்கு 11 நாள் முன்னால் நகர்ந்து வரும், ஆகவே காலண்டரைப் பார்த்துவிட்டுக் கிடாவை அவிழ்த்து விடுங்கள்.