ராமநாதபுரம் கடற்கரையில் ஓட வண்டியை உயர்த்துகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்டபத்திலிருந்து கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் வழியாகச் சாயல்குடி வரை, நம் கரையில் வண்டியை மாட்டிவிடுவது பெரும்பாலும் பாறை அல்ல. இளகிய மணல், மேலே காய்ந்து அடியில் உளையாகக் கிடக்கும் உவர் நிலம், உப்பளத்து வரப்பு, வெட்டிவிட்டுப் போன சீமைக்கருவேலத்தின் அடிக்கட்டை ஆகியவைதான். எல்லாவற்றுக்கும் மேலே உப்பு. ஆனால் சந்தையில் கிடைக்கும், வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட்டும் அடிப்பாகத்தைக் காக்கும் ஸ்கிட் பிளேட் என்ற தகடும் பெரும்பாலும் பாறை ஏறுவதை மனதில் வைத்துச் செய்தவை. வீடியோ பார்த்து அதே கிட்டை வாங்கி, அதே மாதிரி மாட்டிக்கொண்டு இங்கே இறங்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. இறால் பண்ணைக்கு ஓடும் பழைய ஜீப்பாக இருந்தாலும், வார இறுதியில் மதுரையிலிருந்து வரும் புது மஹிந்திரா தாராக இருந்தாலும் இதில் வித்தியாசம் இல்லை.

இரண்டு இன்ச் உயர்த்தினால் இரண்டு இன்ச் கிடைக்காது

அதிகம் பேர் செய்யும் தவறு இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. மாருதி ஜிம்னிக்கு முன்னும் பின்னும் ஒரே தண்டாக ஓடும் ஆக்சில். 2020-க்குப் பிறகு வந்த தாருக்குப் பின்பக்கம் மட்டும் அப்படி. இந்த ஆக்சிலின் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் உருண்டைதான் தரைக்கு மிக அருகில் இருக்கிற பாகங்களில் ஒன்று. ஸ்பிரிங்கை உயர்த்தினால் சேசிஸும் பாடியும் மேலே போகும், அந்த உருண்டை இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்த ஒரே வழி பெரிய டயர். அதிலும் விட்டம் 2 இன்ச் கூடினால் ஆக்சில் உயர்வது 1 இன்ச்தான்.

அப்படியானால் லிஃப்ட் வீணா? இல்லை. உப்பளத்து வரப்பையோ கண்மாய்க் கரையையோ குறுக்கே கடக்கும்போது, முன்சக்கரம் இறங்கியதும் வண்டியின் நடுவயிறு வரப்பில் உட்கார்ந்துவிடும். நான்கு சக்கரமும் சும்மா சுற்றும். அந்த இடத்தில் 40, 50 மில்லிமீட்டர் உயரம் நிஜமாகவே காப்பாற்றும். அதற்கு மேல் போகாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. 3, 4 இன்ச் உயர்த்திய வண்டியை ஆடிக்காற்றில் பாம்பன் பாலத்தின் மேல் ஓட்டிப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளமான அந்தப் பாலத்தில் பக்கவாட்டுக் காற்று தடையே இல்லாமல் அடிக்கிறது. ஈர்ப்பு மையம் மேலே போன வண்டி அதில் தள்ளாடும்.

மணலுக்கு வேண்டியது உயரம் அல்ல, டயரின் காற்றைக் குறைப்பது. ரோட்டில் 30 பிஎஸ்ஐ-க்குப் பக்கத்தில் இருப்பதை 18 வரை இறக்கினால் டயர் நீளவாக்கில் பரந்து மணலின் மேல் மிதக்கும். காற்றளவு மானியும் காற்றடிக்கும் சின்ன கம்ப்ரஸரும் வாங்காமல் லிஃப்ட் கிட்டுக்குப் பணம் கொடுப்பது வரிசையையே மாற்றிச் செய்வது. தார் ரோட்டுக்கு ஏறியதும் காற்றை நிரப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் டயர் சூடேறி வெடிக்கும்.

மாட்டும்போது பட்டறையில் நடப்பவை

வண்டிக்குத் தகுந்த முறையைத் தேர்ந்தெடுக்காததுதான் பல கோளாறுகளுக்கும் வேர். 2020-க்கு முந்தைய தாரின் சிஆர்டிஇ மாடலுக்கு முன்பக்கம் டார்ஷன் பார், அதாவது ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி. அதன் அட்ஜஸ்டிங் போல்ட்டை நாலு சுற்று இறுக்கினால் முன்பக்கம் உயர்ந்து நிற்கும், செலவும் இல்லை. ஆனால் அப்படி உயர்த்தும்போது சக்கரம் கீழே இறங்குவதற்கான இடம் போய்விடுகிறது. பள்ளத்தில் சக்கரம் தொங்காமல் சட்டென்று முட்டி நிற்கும், மேல் பால் ஜாயின்ட் சீக்கிரம் தேயும். லீஃப் ஸ்பிரிங் உள்ள பழைய ஜீப்களில், ஸ்பிரிங்கின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் சாக்கிளை நீளமாகப் போடுகிறார்கள். முன்பக்கம் அப்படிப் போட்டால் ஆக்சில் சற்றுத் திரும்பிக் காஸ்டர் கோணம் குறையும், ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாது. லீஃப் ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்து உயர்த்துவதை முன் ஆக்சிலில் ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். பிரேக் பிடிக்கும்போது அந்தக் கட்டை நழுவ வாய்ப்பு உண்டு.

புதுத் தாரின் முன்பக்கத்தில் ஸ்பிரிங்குக்கு மேல் வைக்கும் ஸ்பேசரின் தடிமனும் வண்டி உயரும் அளவும் ஒன்றல்ல. ஸ்பிரிங் உட்காரும் இடம் சக்கரத்திலிருந்து உள்ளே தள்ளி இருப்பதால், ஸ்பேசரின் தடிமனைவிட வண்டி அதிகமாக உயரும். இது தெரியாமல் தடித்த ஸ்பேசர் வைத்தால் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டின் ஜாயின்ட் செங்குத்தான கோணத்தில் சுழன்று, ரப்பர் பூட் கிழிந்து, உள்ளே மணல் போகும். நம் ஊர் மணல் போன ஜாயின்ட் அதிக நாள் தாங்காது.

யாரும் கவனிக்காத, ஆனால் மிக அதிகமாக நடக்கும் தவறு புஷ் போல்ட் இறுக்குவதில் இருக்கிறது. வண்டி ஜாக்கியில் தூக்கி நிற்கும்போதே, சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்க, சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் கண்ட்ரோல் ஆர்மின் போல்ட்டுகளை முழுதாக இறுக்கிவிடுவார்கள். புஷ்ஷுக்குள் இருக்கும் ரப்பர் அந்தத் தொங்கும் நிலையிலேயே பிடிபட்டுவிடும். வண்டியைக் கீழே இறக்கியதும் அந்த ரப்பர் நிரந்தரமாக முறுக்கப்பட்ட நிலையில் நிற்கும். சில மாதங்களில் கிழிந்து கடகட சத்தம் வரும், பழி கிட் மேல் விழும். எல்லா போல்ட்டையும் கையால் இறுக்கிவிட்டு, வண்டியை நான்கு சக்கரத்திலும் நிறுத்தி, முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டி, ஆட்டிவிட்டு, அப்புறம் டார்க் ரெஞ்ச் வைத்து முழுதாக இறுக்கச் சொல்லுங்கள். அந்த அரை மணி நேரம் பக்கத்திலேயே நின்று பார்க்கலாம்.

பிரேக் ஹோஸையும் அதே நேரத்தில் பார்த்துவிட வேண்டும். சக்கரம் முழுதாகத் தொங்கும் நிலையில், ஸ்டீயரிங்கை இடது கடைசிக்கும் வலது கடைசிக்கும் திருப்பி, ஹோஸ் விறைத்து நிற்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். தளர்வாக ஆட வேண்டும். ஏபிஎஸ் வயருக்கும், டிஃபரன்ஷியலுக்குள் காற்று போய்வர மேலே ஏறும் பிரீதர் குழாய்க்கும் இதே சோதனைதான். பிரீதர் குழாய் இழுபட்டுக் கழன்றுவிட்டால் வெளியே தெரியாது. நெடுஞ்சாலையில் ஓடிச் சூடான டிஃபரன்ஷியலைக் கழிமுகத் தண்ணீரில் இறக்கும்போது, உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி உப்புத்தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அடுத்த முறை ஆயில் மாற்றும்போது அது பால் காபி நிறத்தில் வடியும்.

பின் ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் பேனார்ட் ராடு உள்ள வண்டிகளில், உயர்த்தியதும் ஆக்சில் ஒரு பக்கம் நகரும். நீளம் மாற்றக்கூடிய ராடு போட்டு நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். யு போல்ட்டுகளைக் கழற்றினால் புதிதாகத்தான் மாட்ட வேண்டும், பழையது ஏற்கெனவே இழுபட்டு நீண்டிருக்கும். வீல் அலைன்மென்ட், ஹெட்லைட் கோணம், எலெக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி உள்ள வண்டியில் ஸ்டீயரிங் சென்சார் அளவீடு ஆகிய மூன்றும் முடியாமல் வண்டியை எடுக்காதீர்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

ஸ்பிரிங் வாங்கும்போது எப்போதும் வண்டியில் இருக்கும் எடையைச் சொல்லி வாங்குங்கள். ஐஸ் பெட்டியும் மீனும் ஏற்றுபவருக்கும், தனியாகப் போய்வருபவருக்கும் ஒரே ஸ்பிரிங் ஆகாது. கனமான ஸ்பிரிங்கை வெற்று வண்டியில் போட்டால் சக்கரம் தரையை விட்டுவிட்டுத் துள்ளும், மணலில் பிடிமானமே இருக்காது.

தகடு எங்கே, எதில்

ஸ்கிட் பிளேட் என்றதும் முன்பக்க ஆயில் பேனுக்குக் கீழே மட்டும் மாட்டிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். இங்கே அது பாதி வேலைதான். கருவேல மரத்தைச் சாய்வாக வெட்டியிருப்பார்கள். புல்லுக்குள் மறைந்திருக்கும் அந்த அடிக்கட்டை ஈட்டி முனையாக நிற்கும். முன்தகடு அதை மடக்கிவிட்டுக் கடந்ததும், கட்டை நிமிர்ந்து டிரான்ஸ்ஃபர் கேஸிலோ டீசல் டேங்கிலோ குத்தும். வரப்பில் உட்காருவதும் வண்டியின் நடுப்பகுதிதான். ஆகவே ஒரே தகட்டுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், நிறுவனமே கொடுத்திருக்கும் முன்தகட்டை விட்டுவிட்டு நடுப்பகுதியை மூடுவதையே நான் சொல்வேன்.

எடைக் கணக்கையும் பாருங்கள். 4 மில்லிமீட்டர் இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 31 கிலோ. 6 மில்லிமீட்டர் அலுமினியம் 16 கிலோதான், வளையாமல் நிற்பதில் அந்த இரும்புக்குக் குறைவும் இல்லை. மணலில் ஓடும் வண்டிக்கு ஒவ்வொரு கிலோவும் பாரம். "கெட்டியா இருக்கட்டும் சார்" என்று லேத்தில் 6 மில்லிமீட்டர் இரும்பை வெட்டி மாட்டிக்கொள்பவர்கள், போட்ட லிஃப்ட்டில் கொஞ்சத்தை அந்த எடையிலேயே இழந்துவிடுகிறார்கள்.

கடற்கரையில் உலோகங்களின் சேர்க்கை இன்னும் முக்கியம். இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் உப்புத்தண்ணீர் இருந்தால் ஒன்று மற்றொன்றை அரிக்கும். துருப்பிடிக்காது என்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு வாங்கி, சாதா இரும்பு போல்ட்டில் மாட்டுவது மிக மோசமான சேர்க்கை. பெரிய தகடு சின்ன போல்ட்டைத் தின்றுவிடும். தகடு பளபளவென்று இருக்கும், போல்ட் கழுத்தில் மெலிந்து ஒருநாள் முறியும். அலுமினியத் தகட்டுக்கு ஸ்டெயின்லெஸ் போல்ட் பரவாயில்லை. ஆனால் நைலான் வாஷர் வைத்து, சேசிஸில் தொடும் இடத்தில் ரப்பர் துண்டு கொடுத்து, மரையில் ஆன்டி சீஸ் கிரீஸ் தடவி மாட்ட வேண்டும். இரும்புத் தகடுதான் என்றால் வெறும் பவுடர் கோட்டிங் போதாது. முதல் கட்டை உரசியதும் பெயர்ந்து, அந்தக் கீறல் வழியாக உப்பு உள்ளே போய், பெயின்ட்டுக்கு அடியிலேயே துரு பரவும். உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கும் கால்வனைசிங் செய்துவிட்டு, தேவையானால் அதன் மேல் பெயின்ட் அடியுங்கள்.

தகட்டில் வடிகால் துளை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை, ஒரு மழைக்காலம் ஓடிய வண்டியின் நடுத்தகட்டைக் கழற்றும்போது பார்க்கலாம். மேல்பக்கம் இரண்டு விரல் கனத்துக்கு மணலும் உப்புச்சேறும் ஈரம் காயாமல் படிந்திருக்கும். நடுவே கருவேல முள்ளும் காய்ந்த பனையோலைத் துணுக்கும். அதைச் சுரண்டி எடுத்தால் சேசிஸின் குறுக்குச் சட்டமான கிராஸ்மெம்பரில் பொருக்குப் பொருக்காகத் துரு உதிரும். வெளியிலிருந்து பார்த்தவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. தகட்டின் தாழ்ந்த இடங்களில் விரல் நுழையும் அளவுக்குத் துளைகள் வேண்டும், பைப்பை விட்டுத் தண்ணீர் பாய்ச்சவும் வழி வேண்டும். ஆயில் டிரெய்ன் போல்ட்டுக்கு நேராகவும் ஒரு துளை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு சர்வீஸுக்கும் தகட்டைக் கழற்ற வேண்டியிருக்கும். புகைக்குழாய்ப் பக்கம் ஓலையும் புல்லும் தங்கும்படி தகட்டை மூடாதீர்கள், சூட்டில் பற்றிக்கொள்ளும்.

இரண்டு தகடுகள் சேரும் இடத்தில், முன்தகட்டின் பின்விளிம்பு அடுத்த தகட்டுக்குக் கீழே வர வேண்டும். மாற்றி வைத்தால் அடுத்த தகட்டின் முன்விளிம்பு தரையைக் கொத்தும். போல்ட் தலைகள் தகட்டுக்குள் பதிந்திருக்க வேண்டும், வெளியே நீட்டினால் உரசி உருண்டையாகி, ஸ்பேனர் பிடிக்காது. தகடு சேசிஸிலும் கிராஸ்மெம்பரிலும்தான் பிடித்திருக்க வேண்டும். கியர்பாக்ஸிலோ ஆயில் பேன் போல்ட்டிலோ தொங்கவிட்டால் அடி முழுதும் அங்கேதான் இறங்கும். சேசிஸில் நேரடியாக வெல்டிங் வைப்பதை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஆர்டிஓவும் பங்குனி ஆமையும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, நிறுவனம் கொடுத்த வடிவத்திலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனமும் இதைக் காரணம் காட்டலாம். ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிய பிறகு பணத்தைச் செலவழியுங்கள்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. பங்குனி ஆமை எனப்படும் ஆலிவ் ரிட்லி ஆமைகள் தை மாதம் தொடங்கிக் கரையில் முட்டையிட ஏறுகின்றன. முட்டைகள் ஒன்றரை அடி ஆழத்தில் ஏழெட்டு வாரம் மணலுக்குள் கிடக்கும். மேலே டயர் ஏறினால் மணல் இறுகி, குஞ்சால் வெளியே வர முடியாது. வந்தாலும் ஆழமான டயர் தடத்தில் விழுந்து கடலுக்குப் போகாமல் மாட்டிக்கொள்ளும். லிஃப்ட் போட்டிருக்கிறோம் என்பதற்காக அலையோரம் ஓட்டாதீர்கள். ஓடைப் பாதை, பண்ணைப் பாதை, பனங்காட்டு மணல் என்று வண்டியைச் சோதித்துப் பார்க்க எத்தனையோ இடம் இருக்கிறது. அங்கேயும் நிலத்துக்காரரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

கழுவுவதிலும் தவறு உண்டு

உப்புத்தண்ணீரில் ஓடிய அன்றே அடிப்பாகத்தைக் கழுவ வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நம் மாவட்டத்தில் கரையோரப் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்பாகத்தான் இருக்கிறது. அதில் கழுவினால் மணல் போகும், உப்பு போகாது. குடிநீரை வீணாக்கவும் மனம் வராது. மழைநீர்த் தொட்டி வைத்திருக்கும் சர்வீஸ் ஸ்டேஷனைத் தேடிப் பிடியுங்கள். இல்லையென்றால் முதலில் போர்வெல் தண்ணீரில் மணலை அடித்துவிட்டு, கடைசியாக இரண்டு குடம் நல்ல தண்ணீரைக் கைத்தெளிப்பானில் ஊற்றி, தகட்டின் மேல்பக்கமும் போல்ட் இடங்களும் நனையத் தெளித்தால் போதும்.

அப்புறம், கழுவிய கையோடு டீசலையோ பழைய இன்ஜின் ஆயிலையோ அடிப்பாகத்தில் அடிக்கும் வழக்கம் ஒன்று பட்டறைகளில் இருக்கிறது. இரும்புக்கு நல்லது என்று அடிக்கிறார்கள், புதிதாகப் போட்ட புஷ் ரப்பர் அதில் ஊறி உப்பிவிடும். ஈரமான எண்ணெயில் மணலும் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பதில் மெழுகு கலந்த ஆன்டி ரஸ்ட் பூச்சைச் சேசிஸுக்குள்ளும் வெல்டிங் ஓரங்களிலும் அடிக்கச் சொல்லுங்கள், ரப்பர் பாகங்களை மூடிவிட்டு. வாடைக்காற்று மழை முடிந்ததும் வருடத்துக்கு ஒருமுறை தகட்டை முழுதாகக் கழற்றிப் பாருங்கள். கழுத்து மெலிந்த போல்ட்டையும் மரை தேய்ந்த நட்டையும் துடைத்து மறுபடி மாட்டாமல், புதியதாகவே போடுங்கள்.