நாய்க்கான நல்ல கடையை ஊசி போடுமிடத்தில் விசாரியுங்கள்

புதிய நாய்க்குட்டிக்குப் பயிற்சியாளரையோ, குளிப்பாட்டி முடி வெட்டும் கடையையோ இணையத்தில் தேடுவதற்கு முன், தடுப்பூசிக்குச் செல்லும் கால்நடை மருத்துவமனையில், ஊசி போடும்போது நாயைப் பிடித்துக்கொள்ளும் உதவியாளரிடம் விசாரியுங்கள். நகத்தை ஒட்ட வெட்டியதால் இரத்தம் கசியும் விரலும், குளிப்பாட்டும்போது நீர் புகுந்து சீழ் பிடித்த காதும் கடைசியில் அங்கேதான் வந்து சேர்கின்றன என்பதால், எந்தக் கடைக்குப் போகக்கூடாது என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்; நட்சத்திர மதிப்பீடுகளில் இது தெரிவதில்லை. மருத்துவமனையே அத்தகைய கடையையும் நடத்துமானால் இந்த யோசனை அவ்வளவாக உதவாது. பார்வோ என்னும் கொடிய நாய்த் தொற்றுநோய்க்கான தடுப்பூசித் தவணைகள் பொதுவாக 16 வார வயது வரை நீள்வதால், அவை முடியாத குட்டியை, யார் பரிந்துரைத்தாலும், பல நாய்கள் வந்துபோகும் இடத்துக்கு அழைத்துச் செல்லாதீர்கள். சிப்பிப்பாறை, கன்னி போன்ற குட்டை முடி நாய்களுக்கோ முடி வெட்டும் கடையே தேவையில்லை. வாரம் ஒருமுறை ரப்பர் சீப்பால் வாரிவிட்டால் போதும்.